லீவர் கிறீச்சிடுகிறது: கடலோரத்தில் எஸ்பிரெசோ மெஷினுக்கு எந்த கிரீஸ், எந்தத் தண்ணீர்?

தொண்டிக்கரை

மெஷின்: இ61 குரூப் (லீவரால் வால்வைத் திறந்து மூடிக் காபி இறக்கும் தலைப்பகுதி), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (காபிக்கான தண்ணீர் பாய்லருக்குள் தனிக் குழாயில் போய்ச் சூடாகும் வகை), 1.8 லிட்டர் செம்பு பாய்லர், அதிர்வு பம்ப். தண்ணீர்: வீட்டு ஆர்.ஓ., மீட்டரில் 110 காட்டுகிறது. துப்புரவுப் பவுடர் போட்டு பேக்ஃப்ளஷ் (ஓட்டையில்லாத அடைப்புக் கூடை மாட்டித் தண்ணீரை அழுத்தத்தோடு குரூப்புக்குள் திருப்பிவிடுவது) வாரம் ஒருமுறை.

லீவரை மேலே தூக்கும்போது கிறீச் என்று சத்தம், பாதி வழியில் பிடிக்கிறது. கீழே இறக்கும்போது அவ்வளவு இல்லை. போர்ட்டாஃபில்டர் (காபித்தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடி) பூட்டும் இடமும் முன்பைவிட வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது.

எந்த கிரீஸ், எவ்வளவு, எங்கே வைக்க வேண்டும்? ஹார்டுவேர் கடையில் வாசலினே போதும் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சாப்பிடுகிற பொருள்தானே, அது ஆகாதா? பம்புக்கும் ஏதாவது விட வேண்டுமா?

மண்டபம்_ஸ்பானர்

முதல்ல வேண்டாததைச் சொல்லிடுறேன். வாசலின், தையல் மெஷின் எண்ணெய், பைக் கிரீஸ், டபிள்யூ.டி.-40 எல்லாமே பெட்ரோலியம். குரூப்புக்குள்ள இருக்கிற சீல் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். சூட்டையும் நீராவியையும் நல்லாத் தாங்கும், பெட்ரோலியத்தைத் தாங்காது. உறிஞ்சி ஊதி மெத்துன்னு ஆயிடும், அப்புறம் வால்வு சரியா மூடாது. தேங்காய் எண்ணெய் 90 டிகிரிக்கு மேல தினமும் வெந்து சிக்கு வாடை அடிக்கும். ரெண்டும் வேண்டாம்.

வாங்க வேண்டியது உணவுத்தரச் சிலிக்கான் கிரீஸ். மோலிகோட் 111 பலரும் போடுறது. வேற எதை வாங்கினாலும் உணவுத் தொழிலுக்கோ குடிநீர் வால்வுக்கோ உரியதுன்னு டியூப்ல அச்சிட்டிருக்கணும். சின்ன டியூப் வருஷக்கணக்குல வரும்.

கிறீச்சிடுறது லீவர் தண்டு முனையில இருக்கிற கேம், அதாவது வளைஞ்ச முகமுள்ள உலோகத் துண்டு. அது மேல் வால்வு ஊசியையும் கீழ் வால்வு ஊசியையும் உரசித் தள்ளுற இடத்துல கிரீஸ் கழுவிப் போயிருக்கு. தூக்கும்போதுதான் பிடிக்குதுன்னா மேல் பக்கம் காய்ஞ்சிருக்கு. இப்படியே ஓட்டினா கேமோட முகம் தேயும். தேய்ஞ்ச கேமுக்கு எந்த கிரீஸும் மருந்தில்லை, தண்டையே மாத்தணும்.

செய்யற விதம்: பிளக்கை உருவிட்டு மெஷின் முழுசா ஆறட்டும், பாய்லர் மீட்டர் பூஜ்யத்துக்கு வரட்டும். லீவர் பக்கத்து அறுகோண நட்டுக்குத் துணி சுத்தி ஸ்பானர் போடுங்க, இல்லைன்னா குரோம் கீறிடும். கீறின இடத்துல நம்ம ஊர்க் காத்துக்குச் சீக்கிரமே பச்சை பூத்துடும். லீவரை நடுவாந்திரமா வெச்சுக்கிட்டு நட்டைக் கழற்றினா லீவர், தண்டு, கேம் எல்லாம் ஒரே தொகுப்பா வெளியே வரும். பழைய கிரீஸையும் கறுப்பு மையையும் துணியால துடைச்சு எடுங்க. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, மேலேயும் கீழேயும் ரெண்டு ஊசி முனை தெரியும். அதுல ஆளுக்கொரு பொட்டு. கேமோட வளைஞ்ச முகத்துல ஒரு அரிசி அளவு, எதிர்ச்சுவர்க் குழியில உட்கார்ற தண்டு முனையில அரை அரிசி. அதுக்கு மேல வேண்டாம். மிஞ்சினது சல்லடை வழியா இறங்கிக் கப்புல மிதக்கும்.

திரும்ப ஏத்தும்போது கேம் ரெண்டு ஊசிக்கும் நடுவுல நுழையணும். நுழையலைன்னா லீவரை மெதுவா ஆட்டுங்க, நட்டை முறுக்கி உள்ள இழுக்கப் பார்க்காதீங்க, ஊசி வளைஞ்சிடும். நட்டைக் கையால முழுசாத் திருகி முடிச்சப்புறம்தான் ஸ்பானர். சூடானதும் ரெண்டு கப் தண்ணியை ஓடவிட்டுக் கொட்டிடுங்க.

பம்புக்கு ஒரு துளிகூட விடாதீங்க. அதுக்குள்ள ஓடுற தண்ணிதான் அதுக்கு மசகும் குளிர்ச்சியும். டேங்க் காலியா ஓடினா அதனாலதான் போகுது. சத்தம் கூடினா காத்து அடைச்சிருக்கும், வெந்நீர்க் குழாயைத் திறந்து வெச்சு 10 விநாடி பம்பை ஓட்டினா வெளியேறும். ஒரு நிமிஷம் ஓடினா ஒரு நிமிஷம் ஓய்வு.

தேவிபட்டினம்_பில்டர்

அண்ணே, பேக்ஃப்ளஷ் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. வாரம் ஒருமுறை பவுடர் போடுவது சரிதான் என்பது என் கருத்து. காபி எண்ணெய் சல்லடைக்குப் பின்னால் தங்கினால் ஒரே வாரத்தில் கசப்பு ஏறிவிடும். அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

மண்டபம்_ஸ்பானர்

தம்பி, உங்க மெஷின்ல இருக்கிறது மூவழி சோலனாய்டு வால்வு, அதாவது லீவர் இல்லாம மின்காந்தத்தால திறந்து மூடுறது. கழுவிப் போக அங்கே கேமும் இல்லை, கிரீஸும் இல்லை. வாரம் ஒருதரம் தாராளமாப் போடுங்க. இ61-ல பவுடர் கலந்த தண்ணி அழுத்தத்தோட திரும்பி கேம் அறைக்குள்ளேயே போகுது. காபி எண்ணெயைக் கரைக்கிற அதே பவுடர் கிரீஸையும் வாரிட்டுப் போயிடும். தொண்டிக்காரங்க லீவர் பிடிக்கிறதுக்குக் காரணமே இந்த வாரப் பவுடர்தான்னு நினைக்கிறேன்.

இ61-க்கு என் கணக்கு: தினமும் வேலை முடிஞ்சதும் அடைப்புக் கூடை போட்டு வெறும் தண்ணியில நாலஞ்சு தரம். வாரம் ஒருதரம் சல்லடையைக் கழற்றி வெளியில, வெந்நீர்ல பவுடர் கலந்து ஊறவெச்சுத் தேய்ங்க. உங்க கசப்பு அதிலேயே போயிடும். குரூப்புக்குள்ள பவுடர் மாசத்துக்கு ஒருதரம், 3 கிராமுக்கு மேல போகாம. 10 விநாடி லீவர் மேல, 10 விநாடி கீழ, அஞ்சு தரம். அப்புறம் கூடையைக் கழுவி வெறும் தண்ணியில பத்துத் தரம். ரெண்டு மூணு பவுடர் சுத்துக்கு ஒருதரம் கேமுக்கு கிரீஸ். சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூவழி வால்வு இல்லாத சின்ன மெஷின் வெச்சிருக்கிறவங்க அடைப்புக் கூடையே போடக்கூடாது. அழுத்தம் வெளியேற வழி கிடையாது. திறக்கும்போது கை வெந்துடும்.

தேவிபட்டினம்_பில்டர்

ஒப்புக்கொள்கிறேன், இ61-க்கு மாதம் ஒருமுறை. சோலனாய்டு உள்ளவர்களுக்கு நான் சேர்க்க விரும்புவது: காபி முடிந்து ஸ்விட்சை அணைத்ததும் "புஸ்" என்று அழுத்தம் இறங்க வேண்டும். அந்தச் சத்தம் மந்தமாகி, கூடையில் காபித்தூள் சேறாக நின்றால் வால்வில் தூள் அடைத்திருக்கிறது. பவுடருக்கு மசியவில்லையென்றால் பிளக்கை எடுத்து, மேல் நட்டைக் கழற்றிக் காயிலை உருவி, உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் உலக்கையை எடுத்துக் கழுவ வேண்டும். அதன் முனையிலுள்ள சிறு ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உலக்கைக்கு கிரீஸ் கூடாது. தூளைப் பிடித்து வைத்து அதுவே ஒட்டவைக்கும்.

சிக்கரி கலந்த தூளை இந்த மெஷின்களில் போடாதீர்கள். பித்தளை ஃபில்டரில் சிக்கரி டிகாக்ஷனை மெதுவாக இறங்கச் செய்து கெட்டியாக்குகிறது. இங்கே அதே குணம் கூடையை அடைத்துப் பம்பைத் திணறடிக்கும். வால்வுக்குள் போகும் பாகு காய்ந்தால் கோந்துதான்.

கீழக்கரை_டிகாக்ஷன்

கிரீஸ் இரண்டாவது வேலை. தொண்டிக்கரை எழுதிய "ஆர்.ஓ., மீட்டரில் 110" என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்திருப்பதை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) உண்மையில் அளப்பது மின்கடத்தலை. கடத்துவது சுண்ணாம்பா, கறி உப்பா என்று அதற்குத் தெரியாது. மேட்டு நிலத்து ஊர்களில் ஆர்.ஓ. நீர் 110 காட்டினால் அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் பங்கு வகிக்கும். நம் கரையில் போர் தண்ணீர் 2000 காட்டுகிறதென்றால் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. மெம்பிரேன் 95 விழுக்காட்டைத் தடுத்தாலும் மிஞ்சும் 100 மில்லிகிராமும் உப்புதான். உப்பின் எடையில் 61 விழுக்காடு குளோரைடு. ஆகவே லிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம். எஸ்பிரெசோ மெஷினுக்கு உகந்த வரம்பாகச் சொல்லப்படுவது 30.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 குளோரைடை 250 வரை ஏற்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் பாய்லருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குளோரைடு துருப்பிடிக்காத எஃகிலேயே ஊசிக்குத்துப் போல ஓட்டை போடும். செம்பிலும் பித்தளையிலும் பாதுகாப்பாக இருக்கும் மேற்படலத்தைக் குலைக்கும். சாஃப்ட்னர் வைத்தாலும் பயனில்லை, அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைத் தரும், குளோரைடைத் தொடாது.

பால் காபிக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷினில் பாய்லரிலிருந்து வெளியே போவது நீராவி மட்டும். உப்பு உள்ளேயே தங்கி, ஒவ்வொரு நிரப்பலுக்கும் செறிவு கூடும். அதனால் வாரம் ஒருமுறை மெஷினை அணைத்துவிட்டு, அழுத்தம் இருக்கும்போதே வெந்நீர்க் குழாயைத் திறந்து பாதி பாய்லரை வெளியேற்றுங்கள். பிறகு போட்டால் தானே நிரப்பிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை, பாய்லரின் ஆயுளை இதைவிட நீட்டுவது வேறில்லை.

அடுத்து உங்கள் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கச்சா நீரைக் கலக்கும் சிறு திருகு ஒன்று இருக்கும். டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். அதை முழுக்க மூடுங்கள். நம் ஊரில் அது உப்பைத் திரும்பக் கலக்கும் திருகு. மூடியபின் எத்தனை வருகிறது என்று எழுதுங்கள்.

தொண்டிக்கரை

மூடிவிட்டேன் காக்கா. 110 இருந்தது 38 ஆகிவிட்டது. ஆனால் இவ்வளவு குறைந்த நீரும் செம்பை அரிக்கும் என்றும், பாய்லரின் நீர்மட்டத்தை மின்கடத்தலால் உணர்ந்து தானாக நிரப்பவைக்கும் ஊசிக்கு நீர் இருப்பதே தெரியாமல் பாய்லர் வழிந்துவிடும் என்றும் படித்திருக்கிறேனே?

கீழக்கரை_டிகாக்ஷன்

இரண்டும் உண்மை. அதற்கு மருந்து ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு அமிலமும் மாவும் கலந்திருக்கும். சுத்தமான சோடியம் பைகார்பனேட் லிட்டருக்கு 84 மில்லிகிராம் போட்டால், கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 காரத்தன்மை வரும். அமிலத்தைத் தடுக்க அது போதும். ஊசிக்கு வேண்டிய கடத்தலும் கிடைக்கும். கால்சியம் சேர்க்காததால் புதிதாகப் படிவும் கட்டாது.

84 மில்லிகிராமை வீட்டில் நிறுப்பது கடினம். 8.4 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்துப் பாட்டிலில் வையுங்கள். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிலிருந்து 10 மில்லி. 20 லிட்டர் கேனுக்கு 200 மில்லி. பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் 10 கிராம் வீதம் கரையுங்கள், சுவை இன்னும் தெளிவு. மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சு அளக்க வசதி.

மழைநீர் பிடிப்பவர்களும் இதே அளவில் சேர்க்கலாம். ஐப்பசி முதல் மழையை விட்டுவிடுங்கள், கூரையில் கோடை முழுக்கப் படிந்த கடலுப்பு அதில்தான் இறங்கும்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் இருப்பவர்கள் அதை நேரே ஊற்ற நினைத்தால் முதலில் சோதியுங்கள். குழாயில் வருவதோடு தொட்டியில் போர் நீரும் கலக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. குளோரைடு, கடினத்தன்மை இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். டி.டி.எஸ். மட்டும் போதாது.

சாயல்குடி_கறுப்புக்காப்பி

என்னிடம் இருப்பது கொட்டையை அரைத்துத் தானே காபி போடும் முழுத்தானியங்கி. லீவரும் இல்லை, போர்ட்டாஃபில்டரும் இல்லை. இதற்கு கிரீஸ் தேவையா? அப்படியே இன்னொன்று: பாலில் கருப்பட்டி கரைத்தபின் நீராவி கொடுத்தால் குழாய் அடைக்கிறது.

மண்டபம்_ஸ்பானர்

பக்கக் கதவைத் திறந்து காபி யூனிட்டை வெளியே எடுக்க முடியற மெஷின்னா தேவை. வாரம் ஒருதரம் யூனிட்டை வெறும் வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, சோப்பு போட்டா கிரீஸ் போயிடும். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம், இல்லை 500 கப்புக்கு ஒருதரம், ரெண்டு பக்கத் தண்டவாளத்துலயும் நடு அச்சுலயும் விரல் நுனியால மெல்லிசாத் தடவுங்க. நீங்களே எடுக்க முடியாத யூனிட்னா கை வைக்க வேண்டாம்.

கருப்பட்டியை நீராவி கொடுத்தப்புறம் கப்புல போடுங்கக்கா. சர்க்கரை எதுவா இருந்தாலும் சூட்டுக் குழாய் மேல பட்டா கருகி ஒட்டும், முனை ஓட்டைக்குள்ளயும் ஏறும். இப்ப அடைச்சதுக்கு முனையைக் கழற்றி வெந்நீர்ல ஊறவெச்சு, ஓட்டையை மரத்துல ஆன பல்குச்சியால குத்துங்க. ஊசி வேண்டாம், ஓட்டை பெருசாயிடும். ஒவ்வொரு தடவையும் பாலுக்கு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு விநாடி நீராவியைத் திறந்துவிடணும். ஆறும்போது குழாய் பாலை உள்ள இழுக்கும், அதைத் தடுக்கத்தான்.

பாம்பன்_வாடை

எல்லோரும் உள்ளே இருக்கும் உப்பைப் பேசுகிறீர்கள். வெளியே இருக்கும் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தும் நிலைக்கு வந்தது. பராமரிப்பு இல்லாமல் அல்ல, அந்தக் காற்றே அப்படி. சமையலறை ஜன்னலில் வருவதும் அதே காற்றுதான்.

உப்புத்தூள் படிந்த இடம், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே ஈரமாகும். அதனால் மெஷினை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம்தான் மாறும். ஆர்.ஓ. நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணி. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், தினம் துடையுங்கள், இரவில் துணி போட்டு மூடுங்கள். டிரேயை எடுத்து அடிச்சட்டத்தையும் பாருங்கள். அது பெயின்ட் அடித்த சாதா இரும்பு, முதலில் துருவேறுவது அங்கேதான்.

வருடத்துக்கு ஒருமுறை, வாடைக்காற்று தொடங்கும் முன், பிளக்கை எடுத்து மேல் தகட்டைத் திறந்து ஒயர் முனைகளைப் பாருங்கள். ஹீட்டர், தெர்மோஸ்டாட், பம்ப் ஆகியவற்றில் செருகியிருக்கும் தட்டைக் கிளிப்புகளில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் அவற்றைச் சுரண்டி மீண்டும் செருகாதீர்கள். தளர்ந்த கிளிப் சூடாகிக் கருகும். வெட்டிவிட்டுப் புதிய ஈயப்பூச்சுக் கிளிப் அழுத்திப் போடுங்கள். செருகிய பின் வெளிப்புறத்தில் மின்காப்பு கிரீஸ் ஒரு பூச்சு. ஆனால் பிரஷர்ஸ்டாட்டின் (பாய்லர் அழுத்தத்துக்கு ஏற்ப ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) உள்ளே பொறி பறக்கும் தொடுபுள்ளிகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் அருகில்கூடப் போகக்கூடாது. பொறியின் சூட்டில் சிலிக்கான் மணல் போன்ற படலமாகி மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

நாலைந்து வாரம் பூட்டிக் கிடந்த மெஷினைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு பிரேக்கர்) விழுந்தால் பயந்து ஹீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். எலக்ட்ரீஷியனை வைத்து மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஹீட்டரைக் கழற்றி, கேஸ்கெட்டை நீக்கி, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி மறுபடி அளக்கலாம். ஏறவில்லையென்றால் புதிது. எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் உலோகப் பெட்டி அது, உயிர் போகும்.

தேவிபட்டினம்_பில்டர்

படிவு நீக்குவது பற்றியும் யாராவது சொல்லுங்கள். கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கிடைக்கிறது.

கீழக்கரை_டிகாக்ஷன்

உங்கள் ஒற்றை பாய்லருக்கு லிட்டருக்கு 20 கிராம், வெதுவெதுப்பான நீரில். கொதிக்க வேண்டாம், சூடு கூடினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் வெள்ளைச் சேறாக இறங்கும். அலுமினிய பாய்லர் என்றால் 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள், அமிலம் உலோகத்தையே தின்னும். பிறகு இரண்டு டேங்க் நல்ல நீர்.

இ61 ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். பெயர்ந்து வரும் சில்லு ஒரு மில்லிமீட்டரும் இல்லாத ஜெட் ஓட்டையில் போய் உட்காரும், குரூப்பைப் பிரித்தால்தான் வரும். சோடா கலந்த நீரை முதல்நாளிலிருந்து ஊற்றினால் இந்த வேலையே வராது.

தொண்டிக்கரை

அண்ணே, கிரீஸ் வைத்தேன். சத்தம் போய்விட்டது, லீவர் வெண்ணெயாக ஏறுகிறது. கேமில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது காபி இறங்கும்போது குரூப்பின் அடிக்குழாயில் சொட்டுகிறது, நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொட்டு. போர்ட்டாஃபில்டர் வலப்பக்கம் போவதற்கு மாற்ற வேண்டிய குரூப் கேஸ்கெட்டுக்கும் (ரப்பர் வளையம்) அளவு சொல்லவில்லை நீங்கள்.

மண்டபம்_ஸ்பானர்

லீவர் மேல இருக்கும்போது அடியில சொட்டினா கீழ் வால்வு மூடலை. லீவர் கீழ இருக்கும்போதும் விடாமச் சொட்டினா மேல் வால்வு. உங்களுக்குக் கீழ் வால்வுதான். கேம் அறையைத் துடைச்சப்போ கிளம்பின தூள் சீல்ல உட்கார்ந்திருக்கும். வெறும் தண்ணியில அடைப்புக் கூடை போட்டு ஆறேழு தரம் பண்ணிப் பாருங்க, பல சமயம் அதிலேயே போயிடும். போகலைன்னா மெஷின் ஆறினதும் குரூப்புக்கு அடியில இருக்கிற பெரிய நட்டைத் திறங்க. ஸ்பிரிங், வால்வு, அதோட ரப்பர் சீல் வரிசையா வரும். வர்ற வரிசையை போன்ல படம் எடுத்துக்குங்க. சீல்ல வட்டப் பள்ளம் இருந்தா மாத்தணும். நட்டு மரையில மெல்லிசா அதே கிரீஸைத் தடவி மூடுங்க, அடுத்த தரம் படிவு பிடிச்சு இறுகாது.

கேஸ்கெட் 8, 8.5, 9 மில்லிமீட்டர்னு மூணு தடிமன்ல வரும். 8.5-ல தொடங்குங்க. போர்ட்டாஃபில்டர் பிடி நேரா உங்களைப் பார்த்தோ, கொஞ்சம் இடப்பக்கமோ நிக்கணும். அது இன்னும் வலப்பக்கம் போனா 9. பழசை எடுக்க ரெண்டு கூர்க்கம்பியை எதிரெதிரா குத்தி நெம்புங்க. கல்லாட்டம் இறுகியிருந்தா துண்டு துண்டா உடைச்சு எடுக்கணும், பள்ளத்துல ஒட்டியிருக்கிற கரியைப் பிரஷ்ஷால சுத்தம் பண்ணிட்டுத்தான் புதுசு. ஓரம் சரிவா சீவியிருக்கிற பக்கம் மேல் நோக்கி. புதுசை வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் போட்டா சுலபமா ஏறும், கிரீஸ் வேண்டாம். சிவப்பு, நீல நிறத்துல வர்ற சிலிக்கான் கேஸ்கெட் வாங்கினா சிலிக்கான் கிரீஸ் படவே கூடாது, ரெண்டும் ஒரே இனம்கிறதால ஊதிடும்.

கீழ் சீல் வர்ற வரைக்கும் காபி போடலாம் தங்கச்சி. அழுத்தத்துல கொஞ்சம் அங்கே வீணாகும், அவ்வளவுதான். சீல் ஆர்டர் போடும்போது மேல் வால்வுக்கும் சேர்த்து ரெண்டா வாங்கிடுங்க, தபால் செலவு ஒண்ணுதான்.